காஹாங்கைத் தாண்டிப் பதினான்கு கிலோமீட்டர்

நாற்பத்து மூன்று வயது வரை காளிதாஸ் ஒருவரையும் கை நீட்டி அடித்ததில்லை. ஜோகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டு அறையில் அவனுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். திரைகளில் எண்கள் ஏறும், இறங்கும். பதறாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலும் குரல் உயர்ந்தது கிடையாது. கோபம் வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அறுபது, எழுபது கிலோமீட்டர் மிதித்துவிட்டுத் திரும்பும்போது கோபம் இருக்காது.

ஷாஹித்துக்கு முப்பத்தொரு வயது. ஸ்கூடாயில் அவன் வாப்பா சுப்ஹானின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டிக் கல்லில் நிற்பவன். மாவை வீசி வீசி அவன் வலது மணிக்கட்டு இடதை விடத் தடித்திருக்கும். மூன்று வருடமாக இருவரும் ஒன்றாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். காளிதாஸை அவன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவான்.

ஜனவரி முதல் வாரம் முந்நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம் ஒன்று இருந்தது. ஸ்கூடாயில் புறப்பட்டு, லாயாங் லாயாங், குளுவாங், காஹாங் வழியாக ஜெமாலுவாங் போய், அங்கிருந்து தெற்கே திரும்பி வர வேண்டும். இருபது மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு பதக்கம். பரிசு எதுவும் இல்லை. நான்கு நாளாக மழை விடவில்லை. சிகாமட் பக்கம் தண்ணீர் ஏறி, ஆட்களைப் பள்ளிக்கூடங்களுக்கு மாற்றியிருந்தார்கள். இந்தப் பக்கம் சாலைகள் திறந்திருந்ததால் ஓட்டத்தை நிறுத்தவில்லை. பெயர் கொடுத்த நாற்பத்தாறு பேரில் காலையில் வந்து நின்றது பத்தொன்பது பேர்.

ஜோகூரில் பிறந்தவனுக்குக் குளிர் என்றால் ஏர்கான் குளிர்தான். சட்டையோடு ஐந்து மணி நேரம் நனைந்து, எதிர்காற்றில் போகும்போது வரும் குளிர் வேறு. அது முதலில் விரல் நுனியைப் பிடிக்கிறது. பிறகு முழங்கால். பிறகு தாடை தானாக ஆடத் தொடங்குகிறது. லாயாங் லாயாங்கில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றபோது காளிதாஸ் கேட்டான்.

"திரும்பிடலாமா தம்பி?"

"இப்ப போனா வாப்பா நேரா கல்லுல நிக்க வெச்சிருவாரு. ஓட்டுங்கண்ணே, குளுவாங்ல கோப்பி குடிச்சா சரியாயிரும் லா."

குளுவாங்கில் கோப்பிக் குவளையை ஷாஹித் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக் குடித்தான். விரல்கள் மடங்கவில்லை. சிரித்தான். காஹாங்கில், பெட்ரோல் நிலையத்துக்கு அருகில் இருந்த சோதனைச் சாவடியில், அட்டையை நீட்டி முத்திரை வாங்கியபோது மணி பன்னிரண்டு. முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே லாரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

காஹாங்கைத் தாண்டினால் இரு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். வீடு கிடையாது, கடை கிடையாது. சாலையோர வாய்க்காலில் செம்மண் தண்ணீர் வேகமாக ஓடியது. ஓரிடத்தில் தண்ணீர் சாலையின் மேலேயே முழங்கால் அளவு நின்றது. சைக்கிளைத் தோளில் தூக்கி நடந்து கடந்தார்கள். காளிதாஸ் ஐம்பது மீட்டர் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள்கள், எதிரே வந்து கடந்து போயின. ஒன்றில் ஒருவன், இன்னொன்றில் இருவர். மழைக்கோட்டு, மூடிய ஹெல்மெட். கடந்ததும் வேகத்தைக் குறைத்தார்கள். அந்தச் சத்தம் காளிதாஸ் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் வளைந்து திரும்பி வந்து ஷாஹித்தின் சைக்கிளை உதைத்தார்கள். அவன் இடது பக்கமாகச் சாலையில் விழுந்து, சைக்கிளோடு சறுக்கிக்கொண்டு போனான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கி ஓடி வந்தான். கையில் பாராங் கத்தி.

"லெப்பாஸ்! லெப்பாஸ்!"

மலாயில் விடச் சொன்னான். ஷாஹித்தும் விடத்தான் நினைத்தான். ஆனால் வலது காலணி மிதியின் பூட்டில் மாட்டியிருந்தது. கணுக்காலைத் திருப்பினால்தான் கழலும். விழுந்த வேகத்தில் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. வலது கை கைப்பிடியைப் பிடித்தபடியே விறைத்திருந்தது. திறக்கச் சொல்லி மூளை சொன்னது, விரல்கள் கேட்கவில்லை. நிற்கிறவனுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு முறை கத்திவிட்டு, அந்தக் கையின் மேல் கத்தியைப் போட்டான்.

ஷாஹித்தின் அலறல் கேட்டுத்தான் காளிதாஸ் திரும்பினான். சாலையில் சிவப்பு பரவுவதும், மழை அதைக் கழுவிக்கொண்டு போவதும் தெரிந்தது. அவன் சைக்கிளைத் திருப்பி எழுந்து நின்று மிதித்தான். யோசித்துச் செய்ததில்லை என்று பிறகு சொன்னான். ஐம்பது மீட்டர் இறக்கம். பிரேக்கைத் தொடவே இல்லை. கத்தி வைத்திருந்தவன் நிமிர்வதற்குள் சைக்கிளோடு அவன் நெஞ்சில் போய் மோதினான்.

இருவரும் உருண்டார்கள். கத்தி வாய்க்காலுக்குள் போனது. மற்ற இருவரில் ஒருவன் ஷாஹித்தின் காலணியை மிதியிலிருந்து பிய்த்து, சைக்கிளைத் தூக்கித் தன் மோட்டாரின் பின்னிருக்கையில் குறுக்கே போட்டு ஒரு கையால் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் "போலாம், போலாம்" என்று தமிழில் கத்தினான். கீழே விழுந்தவன் எழுந்து வருவான் என்று நான்கு விநாடி காத்திருந்தார்கள். அவன் எழவில்லை. இரண்டு மோட்டாரும் போய்விட்டன.

எழ முடியாததற்குக் காரணம் காளிதாஸ். நீண்ட தூர ஓட்டத்துக்கான காலணியின் அடிப்பாகம் பலகை மாதிரி கெட்டியாக இருக்கும். அதில் ஓர் இரும்புப் பட்டை முடுக்கியிருக்கும். அந்தக் காலால் அவன் விலாவில் உதைத்தான். ஹெல்மெட் கழன்று ஓடியதும் முகத்தில் உதைத்தான். ஏதோ உடைந்த சத்தம் மழையிலும் தெளிவாகக் கேட்டது. கீழே கிடந்தவன் கைகளால் தலையை மூடிக்கொண்டான். காளிதாஸ் கைகளை உதைத்தான்.

"போதும்ணே," என்றான் அவன். "போதும்ணே, விட்ருங்க."

தமிழில் கேட்டதும் காளிதாஸுக்கு வெறி இன்னும் ஏறியது. இரண்டு வருடத்துக்கு முன் சந்தைக்குப் போய் வந்துகொண்டிருந்த அவன் மனைவி லோஷினியின் கைப்பையை மோட்டாரில் வந்தவன் ஒருவன் இழுத்தான். வார் தோளில் சிக்கி, அவளைச் சாலையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். அவளால் இன்றும் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. யாரோ பின்னிவிட்டால்தான் அவளுக்குச் சடை. பிடிபடாத அந்த மனிதனுக்கு இத்தனை நாள் முகம் இல்லாமல் இருந்தது. இப்போது ஒரு முகம் கிடைத்துவிட்டது. அதை அவன் மிதித்தான்.

"அண்ணே, செத்துருவான். நிறுத்துங்கண்ணே!" ஷாஹித் உட்கார்ந்தபடியே கத்திக்கொண்டிருந்தான்.

ஈரத் தாரில் வழுக்கிக் காளிதாஸ் தானே விழுந்தபோதுதான் அது நின்றது. எழுந்து மூச்சு வாங்கினான். கீழே கிடந்தவன் அசையவில்லை, ஆனால் வாயில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. காளிதாஸ் காலை அவன் இடுப்புக்கு அடியில் கொடுத்து, ஒரு மூட்டையை உருட்டுவது போல உருட்டி, வாய்க்காலுக்குள் தள்ளினான். தண்ணீர் தெறித்தது. எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு அவன் மிக நிதானமாக வேலை செய்தான். பையிலிருந்த மாற்று டியூபை எடுத்து ஷாஹித்தின் மணிக்கட்டுக்கு மேல் இறுக்கிக் கட்டினான். காயத்தைப் பார்த்தபோது வெள்ளையாக எலும்பு தெரிந்தது. கைத்துணியைச் சுருட்டி வைத்துச் சுற்றினான். நூறு மீட்டர் தள்ளித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான பஸ் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே அவனை நடத்திக் கொண்டுபோய் உட்காரவைத்து, ஓட்டக்காரர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று கொடுக்கப்பட்ட வெள்ளித்தாள் போர்வையைப் போர்த்திவிட்டான். இரண்டு பேரின் போனும் நனைந்து செத்திருந்தன. அரை மணி நேரமாக ஒரு வண்டிகூட அந்தச் சாலையில் வரவில்லை.

"நான் காஹாங் போய் ஆள் கூட்டிட்டு வரேன். கைய மேல தூக்கியே வெச்சிரு. தூங்கிராத."

"அவன் தண்ணில கெடக்கான்."

"கெடக்கட்டும்."

"அண்ணே."

"கெடக்கட்டும்னு சொன்னேன்ல."

அவன் சைக்கிளின் முன்சக்கரம் மோதலில் வளைந்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பிரேக்கில் உரசியது. பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டினான். பதினான்கு கிலோமீட்டர். சுழற்றியடித்த காற்றில் மழை முகத்தில் கல் போல விழுந்தது. வெறி இறங்கியதும் குளிர் ஏறியது. பற்கள் அடித்துக்கொண்டு நாக்கைக் கடித்து, வாயில் இரத்தச் சுவை. தண்ணீர் தேங்கிய இடம் இப்போது தொடை வரை ஏறியிருந்தது. நடுவில் கால் இடறி முழுகி எழுந்தான். சைக்கிளை விட்டுவிடவில்லை. மீண்டும் ஏறியபோது தொடைகள் மரக்கட்டையாக இருந்தன. கணக்கு வைத்து மிதித்தான்: நூறு மிதி, பிறகு இன்னொரு நூறு. வாய்க்காலில் கிடப்பவனைப் பற்றி நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நினைத்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும்.

காஹாங் போலீஸ் நிலையத்துக்குள் போனபோது பேச வாய் வரவில்லை. ஒரு காவலர் தன் ஜாக்கெட்டைப் போர்த்தி, வெந்நீர் கொடுத்தார். இடம், நேரம், மோட்டாரின் நிறம் எல்லாவற்றையும் காளிதாஸ் மலாயில் சொன்னான். அவர் எழுதினார். கிளினிக்குக்குப் போன் போட்டுக்கொண்டே கேட்டார், எத்தனை பேருக்கு அடி என்று.

"செயோராங்," என்றான் காளிதாஸ். ஒருவர்.

"ஒருவர் மட்டும்தானா?"

"ஆமா. ஒருவர்தான்."

சொல்லிவிட்டு மிச்சமிருந்த வெந்நீரைக் குடித்தான்.

உயரமான போலீஸ் வண்டி முன்னால் போக, ஆம்புலன்ஸ் தண்ணீரை மெதுவாகக் கடந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காளிதாஸ் விட்டுவிட்டுப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பஸ் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் ஷாஹித் உட்கார்ந்திருந்தான். உதடு ஊதா நிறம். மேல்சட்டை இல்லை. அவன் மடியில் அந்த மனிதனின் தலை. ஷாஹித்தின் சட்டை அவன் முகத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. வெள்ளித்தாள் போர்வை முழுவதும் அவன் மேல் இருந்தது.

"இரண்டு பேர் இருக்கிறார்களே," என்றார் ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர். "நீங்கள் ஒருவர் என்றல்லவா சொன்னீர்கள்?"

ஷாஹித் தலையை நிமிர்த்திக் காளிதாஸைப் பார்த்தான். மூன்று வருடத்தில் ஷாஹித் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

ஒரே ஆம்புலன்ஸில் இருவரையும் ஏற்றினார்கள்.

அந்த மனிதனின் பெயர் வீரமுத்து. முப்பத்து மூன்று வயது. தோட்டத்தில் பிறந்து, ரெங்கம் பக்கம் வேலை கிடைத்தும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவன். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. விலா எலும்பு நான்கு. வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற இருவரையும் மூன்றாம் நாளே பிடித்தார்கள். ஷாஹித்தின் கையில் ஐந்து மணி நேரம் அறுவை சிகிச்சை. நடுவிரலும் மோதிர விரலும் முழுதாக மடங்காது, ரொட்டி வீச முடியுமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள்.

செய்தி எப்படியோ வெளியே வந்தது. கொள்ளைக்காரனை ஒற்றை ஆளாக வீழ்த்திய சைக்கிள்காரர் என்று காளிதாஸின் படம் போன்களில் சுற்றியது. தொழிற்சாலையில் மேலாளர் கை குலுக்கினார். கேண்டீனில் யாரோ கைதட்டினார்கள். போலீஸ் அறிக்கையில், தப்பி ஓடும்போது வீரமுத்து வாய்க்காலில் விழுந்தான் என்று எழுதியிருந்தது. காளிதாஸ் அப்படிச் சொல்லவில்லை. எழுதியதை மறுக்கவும் இல்லை.

ஐந்தாம் நாள் அவன் குளுவாங் மருத்துவமனைக்குப் போனான். ஷாஹித்தின் தாய் ஜெய்னம்பு அவனைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லாட்டி எம்புள்ள இல்ல தம்பி," என்று அழுதார். ஷாஹித் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "உம்மா, கொஞ்சம் வெளிய இருங்க," என்றான்.

அவர் போனதும் காளிதாஸ் கட்டிலருகே உட்கார்ந்தான்.

"எப்படி தூக்கின அவன?"

"தூக்கல. இழுத்தேன். இடது கையால. சட்டக் காலரப் புடிச்சு. மூணு தடவ வழுக்கிப் போயிட்டான். நாலாவது தடவ நானும் உள்ள விழுந்தேன். அப்பறம் கீழேர்ந்து தள்ளினேன். கொட்டகை வரைக்கும் அப்படியே இழுத்துட்டு வந்தேன்."

"உன் கைய வெட்டினவன் அவன்."

"தெரியும். கண்ணால பாத்தேனே." ஷாஹித் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் ஏற்றி வைத்தான். "மேல வந்ததும் வாந்தி எடுத்தான். பயமா இருக்கு போகாதீங்கன்னான். என்ன பண்ணச் சொல்றீங்க? போர்வைய நான் போத்திக்கிட்டு அவன் நடுங்குறத பாத்துக்கிட்டு இருக்கவா?"

"லோஷினிக்கு நடந்தது உனக்குத் தெரியும்ல."

"அக்காவ இழுத்தது இவன் இல்லண்ணே."

காளிதாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"மொத நாலு அடி எனக்காக அடிச்சீங்க," என்றான் ஷாஹித். "அதுக்கு நான் சாகுற வரைக்கும் உங்களுக்குக் கடமைப்பட்டவன். மத்தது எதுக்குன்னு எனக்குத் தெரியல. போலீஸ் வந்து கேட்டாங்க, எப்படி விழுந்தான்னு. நான் பொய் சொல்லல. காட்டியும் குடுக்கல. அண்ணன கேளுங்கன்னு சொல்லிட்டேன்."

அன்று மாலை வீட்டில் காளிதாஸ் லோஷினியிடம் எல்லாவற்றையும் சொன்னான். காலால் உருட்டியதைச் சொன்னான். ஒருவர் என்று சொன்னதைச் சொன்னான். அவள் சமையல் மேசையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"போலீஸ்ல போய் சொல்லலாம்னு இருக்கேன்," என்றான். "வேல போகலாம். உள்ளயும் போட்டுருவாங்க."

"போய் சொல்லுங்க."

"உன்ன நெனச்சுத்தான் அப்படி..."

"அத மட்டும் சொல்லாதீங்க." இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "எனக்காக அடிச்சேன்னு அங்கயும் சொல்லக் கூடாது, எங்கிட்டயும் சொல்லக் கூடாது. ஒருத்தன் கண்ணு போனதுல என் பேரு இருக்கக் கூடாது. நான் அத கேக்கவே இல்ல."

அவள் பூண்டுத் தோலைக் கையால் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஷிப்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவன் குளுவாங்குக்குக் காரில் போனான். விசாரணை அதிகாரி ஆச்சரியப்பட்டார். முடிந்த விஷயத்தை ஏன் கிளறுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். அவன் உங்களைக் கொன்றிருப்பான் என்றார்.

"கத்தி அப்போது அவன் கையில் இல்லை," என்றான் காளிதாஸ். "அவன் போதும் என்று சொன்னான். எனக்குப் புரிந்தது. என் மொழியில்தான் சொன்னான். அதற்குப் பிறகும் அடித்தேன். பிறகு நான்தான் தள்ளினேன்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு புதிய தாளை எடுத்தார். அந்த வாக்குமூலம் மூன்று மணி நேரம் எடுத்தது. எத்தனை உதை என்று கேட்டபோது, எண்ணவில்லை என்றான். தோராயமாக என்றார். பதினைந்து இருக்கும் என்றான். எழுதிக்கொண்டார்.

வழக்கு ஒன்பது மாதம் இழுத்தது. தொழிற்சாலையில் கைதட்டியவர்களே அவனிடம் பேசாமல் விலகினார்கள். முட்டாள் என்று சிலர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதிமன்றம் மூன்று மாதம் சிறை கொடுத்தது. வேலை போனது. வீரமுத்துவுக்கும் மற்ற இருவருக்கும் ஏழு ஆண்டு, ரோத்தான் பிரம்படியும் சேர்த்து. அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல காளிதாஸ் கூண்டில் ஏறினான். வீரமுத்துவைக் காட்டி, இவன்தான் வெட்டினான் என்றான். ஒற்றைக் கண்ணால் வீரமுத்து அவனைப் பார்த்தபோது, அவன் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அது மிகக் கடினமாக இருந்தது.

சிறையிலிருந்து வெளியே வந்த காலையில் லோஷினி காரோடு நின்றாள். அவள் பக்கத்தில் ஷாஹித் நின்றுகொண்டிருந்தான். வருவான் என்று காளிதாஸ் எதிர்பார்க்கவில்லை. எளச்சிட்டீங்க என்றுகூட அவன் சொல்லவில்லை. துணிப்பையை வாங்கிக் காருக்குள் வைத்தான்.

"கடைல இப்ப என்ன பண்ற?" என்று காளிதாஸ் கேட்டான்.

"கல்லாவுல உக்கார வெச்சிட்டாரு வாப்பா. எடது கையால ரொட்டி வீசிப் பாத்தேன். உலக மேப்பு மாதிரி வருது."

லோஷினி சிரித்துவிட்டாள். காளிதாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கார் நெடுஞ்சாலையில் ஏறியது. பிறகு காளிதாஸ், பின்னால் திரும்பாமலே, "தம்பி," என்றான்.

"சொல்லுங்கண்ணே."

"அவன நீ தூக்காம விட்டிருந்தா, நான் இப்ப கொலகாரன்."

ஷாஹித் மடங்காத இரண்டு விரல்களையும் இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தான். வெளியே செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. லோஷினி கியரை மாற்றினாள். ஸ்கூடாயில் ஷாஹித்தைக் கடை வாசலில் இறக்கிவிட்டார்கள்.